வியாழக்கிழமை அவன் முறை

என் மகனுக்குப் படிக்கத் தெரியாது என்று எனக்குத் தெரிந்த அன்று முதலில் வந்தது சந்தோஷம்தான். மழுப்பிப் பேச எனக்கு வராது, அதனால் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். பெற்ற பிள்ளைக்கு எட்டு வயதாகியும் எழுத்துக் கூட்டத் தெரியவில்லை என்றால் ஒரு தாய் பதற வேண்டும். நானும் பதறினேன், ஆனால் கால் மணி நேரம் கழித்துத்தான். அதற்கு முன்னால், அப்பாடா, தப்பித்தேன் என்று நினைத்தேன்.

எதிலிருந்து தப்பித்தேன் என்று கேட்டால் எங்கள் வீட்டைத்தான் காட்ட வேண்டும். மூன்றாவது மாடி. இரண்டு அறை, ஒரு கூடம், கூடத்தில் ஒரு சாப்பாட்டு மேசை. காலை ஒன்பது மணி வரைக்கும் அது சாப்பாட்டு மேசை, அப்புறம் பள்ளிக்கூடம், மதியம் மறுபடியும் சாப்பாட்டு மேசை, சாயங்காலம் துணி மடிக்கிற இடம். சமையலறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். கையை நீட்டினால் தொட்டுவிடலாம். மூன்று வருடமாக என் இரண்டு பிள்ளைகளுக்கும் நானே டீச்சர், நானே ஹெட்மாஸ்டர், மணியடிக்கிற ஆளும் நான், கடைசியில் பெஞ்சு துடைக்கிற ஆயாவும் நான். பாத்ரூமில் ஐந்து நிமிஷம் நிம்மதியாக உட்கார முடியாது, கதவுக்கு அடியில் கணக்கு நோட்டு நுழையும். குப்பை போடக் கீழே இறங்குவதுதான் எனக்கு வெளியூர்ப் பயணம். தொட்டிக்குப் பக்கத்தில், அந்த நாற்றத்திலும், இரண்டு நிமிஷம் கூடுதலாக நின்றுவிட்டுத்தான் படியேறுவேன்.

அதற்கு முன்னால் நான் ஓர் ஆஸ்பத்திரி லேப்பில் இருந்தேன். ரத்தத்தை ஸ்லைடில் தடவி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, இது சரி, இது சரியில்லை என்று எழுதிக் கொடுக்கிற வேலை. சத்தமில்லாத வேலை. நாள் முழுக்க யாரும் என்னை அம்மா என்று கூப்பிட மாட்டார்கள். அந்தச் சுகம் அப்போது எனக்குத் தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களைப் பதறாமல் பேசி வெளியே எடுப்பதில் கெட்டிக்காரர் என்று அவர் கம்பெனியில் பேர். வீட்டில் ஒருத்தி மாட்டிக்கொண்டு கிடப்பது மட்டும் அவர் கண்ணில் படவில்லை. அவரையும் குறை சொல்ல முடியாது, நான் மணியை அழுத்தினால்தானே அவருக்குக் கேட்கும்.

யாரும் என்னைக் கட்டாயப்படுத்தி உட்கார வைக்கவில்லை. அதுதான் கொடுமை. பெரியவள் தினமும் பள்ளியிலிருந்து அழுதுகொண்டே வந்த வருடம் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சபையில் பாட்டு முடிந்த பிறகும் கீபோர்டு மட்டும் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எழுந்து போய் மைக்கை வாங்கி, உன் பிள்ளைகளை உன் கையிலேயே வைத்துச் சொல்லிக்கொடு என்று ஆண்டவர் என்னோடு பேசினார் என்று எல்லார் முன்னாலும் சாட்சி சொல்லிவிட்டேன். அல்லேலூயா என்று கூரை அதிர்ந்தது. பாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த மாதமே வேலையை விட்டேன். அன்று என்னோடு பேசியது ஆண்டவரா, கீபோர்டுதானா என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. ஆனால் மைக்கில் சொன்னது சொன்னதுதான். பின்வாங்கினால் ஆண்டவர் சொன்னதையே மீறியவள் என்று ஆகிவிடும். சபைப் பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களைப் பார்த்தாலே ஆசீர்வாதமாக இருக்கிறது சிஸ்டர் என்பார்கள். நான் பல்லைக் காட்டுவேன். உள்ளே, ஒரே ஒரு நாள் இடம் மாற்றிக்கொள்வோமா என்று கேட்கத் தோன்றும்.

சரி, மகன் விஷயத்துக்கு வருகிறேன். வேதம் வாசிப்பதற்கு நானே ஒரு முறை கண்டுபிடித்து வைத்திருந்தேன். வாரத்துக்கு ஒரே ஒரு பகுதி. திங்கள் காலை நான் வாசிப்பேன், செவ்வாய் பெரியவள், புதன் என் வீட்டுக்காரர், வியாழன் சின்னவன். வெள்ளிக்கிழமை பிள்ளைகள் இருவரும் அதைப் பார்த்து அழகாக நோட்டில் எழுத வேண்டும். வாசிப்பும் ஆச்சு, கையெழுத்தும் ஆச்சு, ஆவிக்குரிய போஜனமும் ஆச்சு என்று எனக்கு ஒரே பெருமை. வீட்டிலேயே பிள்ளைகளைப் படிக்க வைக்கிற இன்னும் இரண்டு குடும்பங்களுக்கு இந்த முறையை வகுப்பெடுக்காத குறையாகச் சொல்லிக் கொடுத்தேன்.

சின்னவன் வியாழக்கிழமைகளில் தண்ணீர் ஓடுவது மாதிரி வாசிப்பான். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, குரலை ஏற்ற வேண்டிய இடத்தில் ஏற்றி வாசிப்பான். சபையில் அவனுக்குப் பேரே குட்டிப் பாஸ்டர். மாதத்தில் ஒரு ஞாயிறு அவனை மேடையில் ஏற்றி, நாங்கள் வீட்டில் வாசித்த பகுதிகளில் ஒன்றை வாசிக்க வைப்பார்கள். நானும் ஒரு வியாழன்கூடத் தவறவிடாமல் பாத்திரத்தைப் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்பேன். மற்ற நேரமெல்லாம் அவனிடம் நான் பேசுவது, சீக்கிரம், இன்னும் முடிக்கலையா, ஆடாதே, என்ற மூன்று வார்த்தைதான்.

அந்த வாரம் ஒரு சங்கீதம், வேதத்தில் இருக்கிற ஜெபப் பாட்டு. வியாழன் காலை, முந்தின நாள் மேசை துடைத்தபோது பெரியவள் புத்தகத்தின் பக்கம் குறிக்கிற நாடாவை இடம் மாற்றிவிட்டாள் போல. நான் கண்ணாடி போடாமல், நாடா இருந்த பக்கத்தைத் திறந்து அவன் முன்னால் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். அவன் ஆரம்பித்துவிட்டான். ஈரக் கையோடு வந்து, இன்றைக்கென்று கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு, அவன் தோளுக்குப் பின்னால் நின்றேன். புத்தகத்தில் இருந்தது வம்ச வரலாறு. யாருக்கு யார் பிறந்தார் என்று வாயில் நுழையாத பெயர்களாக ஒரு பக்கம் முழுக்க. அவன் விரலை வரிக்கு வரி நகர்த்திக்கொண்டு, ஒரு பிசிறில்லாமல் சங்கீதத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான். வரி முடிகிற இடத்தில் விரல் அழகாகக் கீழே இறங்கியது. முடித்தான். இவர் கண்ணை மூடியபடியே ஆமென் என்றார். நான் புத்தகத்தை மூடி எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டேன்.

குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். எல்லாம் ஒவ்வொன்றாகப் புரிந்தது. மூன்று நாள் கேட்டால் நாலாம் நாள் அவனுக்கு மனப்பாடம். பார்த்து எழுதுவதை அவன் படம் வரைவது மாதிரி வரைந்திருக்கிறான், அதனால்தான் அவ்வளவு அழகு. கணக்கில் எண் என்றால் புலி, வாக்கியமாக எழுதின கணக்கு வந்தால் மட்டும், அக்கா, இதுல என்ன கேக்கறாங்க, என்பான். அவளும் படித்துச் சொல்லிவிடுவாள். கதைப் புத்தகம் கொடுத்தால் கண் எரிகிறது என்பான். எனக்கும் அசதி, சரி போ என்று விட்டிருக்கிறேன். லேப்பில் ஆயிரக்கணக்கான ஸ்லைடில் கோளாறு கண்டுபிடித்த கண்ணுக்கு, எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளை தெரியவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமைதான் லேப் தலைவி போன் செய்திருந்தாள். என் பழைய இடம் காலி, உனக்குத்தான் முதலில் சொல்கிறேன், மாதக் கடைசிக்குள் பதில் சொல் என்றாள். முடியாதே என்று சொல்ல வாய் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு, சுவரைப் பார்த்தபடி அழுதேன். இப்போது குழாயடியில் நின்ற என் தலைக்குள் இரண்டும் ஒன்றாக வந்து சேர்ந்தன.

வருடத்துக்கு ஒரு முறை கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு மேடம் வீட்டுக்கு வந்து பிள்ளைகளைச் சோதித்துப் பார்ப்பார். தேறவில்லை என்றால் வீட்டுப் படிப்புக்கான அனுமதி போய்விடும், பிள்ளை பள்ளிக்கூடம் போயாக வேண்டும். வாசிப்பதற்கு எந்தப் பாடம் என்பதை அம்மாவே தேர்ந்தெடுத்துக் கொடுக்கலாம். போன வருடம் சின்னவனுக்கு ஒரு சங்கீதம் கொடுத்தேன், அந்த மேடம் எழுந்து நின்று கை தட்டாத குறை. இந்த வருடம் அவர் வர இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. நான் ஒன்றும் செய்ய வேண்டாம். நீங்களே ஒரு பாடம் கொடுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் தேற மாட்டான். பள்ளிக்கூடம் போவான், நான் லேப்புக்குப் போவேன். மைக்கில் சொன்ன சொல்லை நான் மீறவில்லை, அரசாங்கம் மீற வைத்தது. சபையில் எல்லாரும் எனக்காக உருகி ஜெபம்கூடச் செய்வார்கள்.

எவ்வளவு சுத்தமான திட்டம் பாருங்கள். என் கை அழுக்காகாது. அழுக்கெல்லாம் எட்டு வயதுப் பிள்ளை தலையில்.

அந்தப் பன்னிரண்டு நாளும் நான் அவனுக்கு ஒரு எழுத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. உனக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியும் என்றும் சொல்லவில்லை. பெரியவளைக் கேட்கவில்லை, இவரிடம் மூச்சு விடவில்லை. இவரோ, இந்தத் தடவை மேடத்துக்கு அந்தப் பெரிய சங்கீதத்தைக் கொடு, பையன் அசத்திடுவான் என்று தினமும் ஒரு முறை சொன்னார். லேப் தலைவிக்கு மட்டும் வருகிறேன் என்று தகவல் அனுப்பினேன். அலமாரியின் அடியிலிருந்து பழைய வெள்ளைக் கோட்டை எடுத்துத் துவைத்து, சபையில் யாருக்கோ கொடுக்க என்று பொய் சொல்லிக் காயப்போட்டேன்.

நடுவில் ஒரு ஞாயிறு. பாஸ்டர் வழக்கம்போல குட்டிப் பாஸ்டரை மேடைக்குக் கூப்பிட்டார். இவன் போய் நின்றான். எந்தப் பகுதி என்று பாஸ்டர் சொன்னதும் அவன் முகத்தில் ஒரு வினாடி ரத்தம் வற்றியது. பிறகு, தெரிந்த பகுதிதான் என்று புரிந்து மறுபடி ஊறியது. எனக்கு மட்டும்தான் அது தெரிந்தது. வாய் கணீரென்று வாசித்தது, வலது கை விரல் வரியில் ஓடியது, இடது கை கால்சட்டையைக் கசக்கிப் பிடித்திருந்தது. பிள்ளை ஒவ்வொரு தடவையும் இப்படிப் பயந்துகொண்டே நின்றிருக்கிறான். நான் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். இருந்தாலும் வாயைத் திறக்கவில்லை. இன்னும் இரண்டே நாள்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஜெபம் செய்யலாம் என்று ஒரு மதியம் வாஷிங் மெஷின் பக்கத்தில் முழங்காலிட்டேன். கதவைச் சாத்தினால் எனக்குக் கிடைக்கிற ஒரே மறைவிடம் அதுதான். அன்புள்ள பரலோகப் பிதாவே என்று ஆரம்பித்ததும், வழக்கமான வாக்கியங்கள் வரிசையாக வந்து நின்றன. நன்றி, ஸ்தோத்திரம், வழிநடத்தும், காத்தருளும். எல்லாம் பிசிறில்லாமல் வந்தது. அவனும் நானும் ஒரே ஜாதி என்று அப்போதுதான் உறைத்தது. மூன்று வருடமாக நானும் எதையும் பார்த்துச் சொல்லவில்லை, வாய்க்குப் பழகினதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். எழுந்து துணியைப் பிழியப் போட்டேன்.

அந்த நாள் வந்தது. மேடம் காலை பத்து மணிக்கு வந்தார். போன வருடம் வந்தவரே. முழங்கால் வலி, லிஃப்ட் இல்லாத கட்டடம், ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. லிஃப்ட் மெக்கானிக் வீட்டுக்கு லிஃப்ட் இல்லையே என்று இவரைக் கேலி செய்தார். இவர் அரை நாள் லீவு போட்டுவிட்டு, சலவைச் சட்டை மாட்டி, பரீட்சை எழுதப்போகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். பெரியவள் எல்லாவற்றையும் ஊதித் தள்ளினாள். சின்னவன் கணக்கையும் முடித்தான். வாசிப்புக்கு எதைத் தரப்போகிறீர்கள் என்று மேடம் என்னைக் கேட்டார். இவர் வேதப் புத்தகத்தை எடுக்கக் கையை நீட்டினார்.

"நீங்களே ஏதாவது குடுங்க மேடம்" என்றேன்.

இவர் கை அப்படியே நின்றது. பெரியவள் சட்டென்று தலை குனிந்துகொண்டாள். மேடம் பையைத் துழாவி, தண்ணீரை எப்படிச் சிக்கனமாகச் செலவழிப்பது என்று அச்சடித்த ஒரு துண்டுத் தாளை எடுத்து அவன் முன்னால் வைத்தார். பெரிய எழுத்து, ஆறே வரி.

அவன் தாளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். கோபமில்லை, கேள்வியில்லை. தண்ணீரில் இறங்கியவன் கரையைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை. நான் கண்ணைத் திருப்பிக்கொண்டேன். ஆமாம், திருப்பிக்கொண்டேன்.

அவன் விரலை முதல் வரியில் வைத்தான். வாயைத் திறந்தான். சங்கீதம் வந்தது. தண்ணீர்ச் சிக்கனத் தாளின் மேல் விரலை ஓட்டிக்கொண்டு, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஏற்ற வேண்டிய இடத்தில் ஏற்றி, பிள்ளை சங்கீதம் சொன்னான். அவனிடம் இருந்தது அது ஒன்றுதான். அதைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். மேடம் தாளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். இவர் நீட்டின கையை மெதுவாக இழுத்துக்கொண்டார். பெரியவள் விசும்ப ஆரம்பித்தாள்.

ஆறு வரி தீர்ந்துவிட்டது. சங்கீதம் தீரவில்லை. விரலை எங்கே வைப்பது என்று தெரியாமல் மறுபடி முதல் வரிக்கே கொண்டுபோனான். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து போய் அவன் கையைத் தாளிலிருந்து எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன். ஐஸ்கட்டியாக இருந்தது.

"போதும்டா கண்ணா. மேடம், இவனுக்குப் படிக்கத் தெரியாது. எனக்குப் பன்னண்டு நாளாத் தெரியும். இவன் ஃபெயிலாகட்டும்னுதான் உங்களையே பாடம் குடுக்கச் சொன்னேன். நான் வேலைக்குப் போகணும்னு."

மேடம் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். முப்பது வருடம் இந்த வேலையில் இருந்தவர், என்னை மாதிரி எத்தனையோ பேரைப் பார்த்திருப்பார், ஆனால் தானாக ஒத்துக்கொண்டவளைப் பார்த்ததில்லை என்பது அந்த முகத்தில் தெரிந்தது. திட்டவில்லை. ஒரு படிவத்தை எடுத்து வைத்தார். அதில் இரண்டு கட்டம். ஒன்று, அடுத்த வாரமே பள்ளியில் சேர்ப்பது. மற்றது, வீட்டிலேயே மூன்று மாதம், அதன் பிறகு மறுசோதனை. பள்ளியில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே தனி டீச்சர் இருக்கிறார், சேர்த்தால் தப்பில்லை, யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள் என்றார். பேனாவைத் திறந்து என் பக்கம் நீட்டினார்.

பாருங்கள், கதவு முழுசாகத் திறந்து கிடக்கிறது. பொய் சொல்லாமலே போகலாம். ஐந்து நிமிஷம் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டு சின்னவனைச் சமையலறைக்குக் கூட்டிப்போனேன். சமையல் மேடைமேல் தூக்கி உட்கார வைத்தேன். அப்போதுதான் அவன் முகம் என் முகத்துக்கு நேராக வந்தது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். காலை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

"சொன்னா வியாழக்கிழமை என் முறை போயிடும்" என்றான்.

"போனா என்னடா?"

"அப்ப மட்டும்தாம்மா நீ என் பக்கத்துல உக்காந்து என்னையே பாக்கற."

இந்த வீடு என்னை அடைத்து வைத்திருக்கிறது என்று நான் சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருந்த அதே வீட்டுக்குள், ஒரு பிள்ளை வாரத்தில் பத்து நிமிஷத்துக்காக மூன்று வருடம் திருட்டுத்தனம் பண்ணியிருக்கிறான். நாள் முழுக்க ஒரே மேசையில்தான் உட்கார்ந்திருந்தோம். நான் அங்கே இல்லை, அவ்வளவுதான். அவனைக் கட்டிக்கொண்டேன். அவன் தலையில் வியர்வை வாடை. அவன் அழவில்லை, நான்தான் அழுதேன். பயந்துபோய் என் முதுகைத் தட்டிக் கொடுத்தான்.

கூடத்துக்கு வந்து இரண்டாவது கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். நன்றாக யோசித்தீர்களா என்று மேடம் கேட்டார். மூன்று மாதத்தில் முடியவில்லை என்றால் நானே கையைப் பிடித்துக் கூட்டி வந்து பள்ளியில் சேர்க்கிறேன், அதில் எனக்கு வெட்கமில்லை என்றேன். தியாகம், அர்ப்பணிப்பு என்றெல்லாம் நினைத்துக்கொள்ளாதீர்கள். போகத்தான் ஆசை. ஆனால் அந்தப் பிள்ளையை அப்படியே யார் கையிலோ ஒப்படைத்துவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. கடனுக்கு உட்கார்ந்த இடத்தில் ஒரு தடவையாவது நிஜமாக உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று இருந்தது.

மேடம் போன பிறகு இவர் வேதப் புத்தகத்தை எடுத்து ஓரமாக வைத்தார். பன்னிரண்டு நாள் என்னிடம்கூடச் சொல்லவில்லையே என்றார். கோட்டைப் பற்றியும் லேப்பைப் பற்றியும் சொன்னேன். மைக்கில் சொன்னது ஆண்டவர் வார்த்தைதானா என்று எனக்கே தெரியாது என்பதையும் சொன்னேன். சத்தம் போடுவார் என்று பார்த்தேன்.

"அன்னிக்கே நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்" என்றார். "கேக்கல. எனக்கு அது வசதியா இருந்துச்சு."

இனிமேல் கணக்குப் பாடம் தன்னுடையது, வேலை முடிந்து வந்ததும் எடுப்பேன் என்றார். அந்த நேரம் நீ வெளியே போ, எங்கே வேண்டுமானாலும் போ, என்றார். எங்கே போவது என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று வருடத்தில் மறந்துவிட்டது.

லேப் தலைவிக்கு வர முடியாது என்று போன் செய்தேன். அந்த இடம் வேறு ஒருத்திக்குப் போய்விட்டது. அன்று மதியம் குக்கர் மூடியை டமாலென்று வைத்தேன், பெரியவள் காதைப் பொத்திக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை சபையில் மைக்கை வாங்கினேன். முன்பு ஆண்டவர் பேசினார் என்று சொன்னது எனக்கு நிச்சயமில்லை, அதை வைத்து யாரும் என்னைப் பார்த்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம், என் மகனுக்குப் படிக்கத் தெரியாது, நாங்கள் இப்போதுதான் ஆரம்பிக்கிறோம் என்றேன். அல்லேலூயா ஒன்றும் வரவில்லை. நாற்காலிகள் கிரீச்சிட்டன. கூட்டம் முடிந்ததும் பாஸ்டர் வந்து, குட்டிப் பாஸ்டரை மாதா மாதம் மேடையில் ஏற்றியதற்கு நான்தான் அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் சிஸ்டர் என்றார். போய்க் கேட்கவும் கேட்டார். ஒரு சபைப் பெண் மட்டும் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்கும் பைத்தியம் பிடிக்கிற மாதிரித்தான் இருக்கிறது என்று காதோடு சொல்லிவிட்டுப் போனாள்.

வியாழன் வந்தது. வீடு அதே வீடு. அதே சுவர், அதே மேசை, சிங்க் நிறையப் பாத்திரம். வீட்டைவிட்டு ஓட வேண்டும் என்ற எண்ணமும் காலையிலேயே ஒரு முறை வந்துவிட்டுத்தான் போனது. இவர் வேலைக்கு முன்னதாகவே கிளம்பிவிட்டார், பெரியவள் உள்ளே படித்துக்கொண்டிருந்தாள். சின்னவன் வந்து தயங்கித் தயங்கி நின்றான், தன் முறை இன்னும் இருக்கிறதா என்று தெரியாமல். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். இந்த வாரம் அவனுக்காக நாங்கள் யாரும் முன்கூட்டி வாசிக்கவில்லை. அவனுக்குத் தெரிந்த அதே சங்கீதத்தை எடுத்து, முதல் வரியை மட்டும் விட்டுவிட்டு மீதியை ஒரு வெள்ளைத் தாளால் மூடினேன்.

முதல் எழுத்து என்ன சத்தம் என்று கேட்டேன். சொன்னான். அடுத்தது தெரியல என்றான். சொல்லிக் கொடுத்தேன். சேர்த்தான், தப்பாகச் சேர்த்தான், மறுபடி சேர்த்தான். நாக்கு மேல் உதட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை முடிந்தது. அது தனக்கு எப்போதோ தெரிந்த வார்த்தை என்று புரிந்ததும், இங்கதான் இருந்துதா இது, என்று தாளைப் பார்த்துச் சிரித்தான். அப்புறம் இன்னொன்று. நாலு வார்த்தைக்கு அரை மணி நேரம் ஆனது. நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது.

"அம்மா, கை வலிக்குது, கண்ணும் வலிக்குது" என்றான். "மீதி எனக்கு வாயாலயே தெரியும். சொல்லவா?"

புத்தகத்தை மூடினேன். சொல் என்றேன்.

சொன்னான். விரலை எங்கேயும் ஓட்டவில்லை, கால்சட்டையைப் பிடிக்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னான். அந்தச் சங்கீதத்தை நான் எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன், நோட்டில் எழுத வைத்திருக்கிறேன், உச்சரிப்பைத் திருத்தியிருக்கிறேன். யாரும் அதை எனக்குச் சொன்னதில்லை. இடுக்கில் மாட்டிக்கொண்ட ஒருத்தர் வெளியே வர வழி தெரியாமல் கூப்பிடுகிற பாட்டு அது. கூப்பிட்டவரை ஆண்டவர் உடனே வெளியே எடுத்துவிடவில்லை, உள்ளேயே வந்து கூட உட்கார்ந்துகொண்டார் என்றுதான் அதில் இருக்கிறது. ஆண்டவரே, எனக்கு இங்கே இருக்கப் பிடிக்கவில்லை, இருக்கிறேன், நீரும் இரும் என்று மனசுக்குள் சொன்னேன். அவன் முடித்துவிட்டுக் காத்திருந்தான். வழக்கமாக ஆமென் சொல்கிற இவர் அன்று வீட்டில் இல்லை. நான்தான் சொன்னேன்.